சிங்கப்பூருக்குப் புதிதா? இங்கே பேசும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிக்கவோ சிங்கப்பூர் வந்து இறங்குகிற நம் ஊர்க்காரர்கள் பலரும் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்வி, "இவங்க பேசுறது இங்கிலீஷ்தானா?" என்பது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, அமெரிக்கக்காரர்களோடு தினமும் போனில் பேசிப் பழகி வந்தவர்கூட காப்பிக் கடையில் ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போகிறார். அவ்வளவு ஆங்கிலம் இல்லாமல் கட்டுமான வேலைக்கு வருகிறவரோ, தனக்குத்தான் மொழி தெரியவில்லை என்று நினைத்து வாயே திறக்காமல் இருந்துவிடுகிறார். இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு பேருக்கும் சொல்ல விரும்புவது ஒன்றே. இங்கே பேசுகிற ஆங்கிலத்துக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது, அதில் நிறைய விஷயம் தமிழ் தெரிந்தவருக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் காது பழகட்டும். அப்புறம் நம் ஆங்கிலத்தில் இங்குள்ளவர்களுக்குப் புரியாத இடங்களைச் சரிசெய்யுங்கள். அவர்களைப் போலப் பேசிப் பார்ப்பது கடைசியில்.

யார் எந்த ஆங்கிலம் பேசுகிறார்கள்

1819இல் ஆங்கிலேயர்கள் வந்து துறைமுகத்தை வளர்க்கத் தொடங்கியதிலிருந்து இது பல மொழிகள் கலந்த ஊர். சந்தையில் மலாய், சீனர்களுக்குள் ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ், நம் ஆட்களுக்குள் தமிழ். ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வகுப்பில் ஒரு மாதிரியும், வெளியே தங்கள் வீட்டு மொழிகளின் வாக்கிய அமைப்பில் ஆங்கிலச் சொற்களைப் போட்டு இன்னொரு மாதிரியும் பேசினார்கள். அப்படி வளர்ந்ததுதான் சிங்லிஷ். 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம்தான் முதல் மொழி. சீனம், மலாய், தமிழ் எல்லாம் தாய்மொழிப் பாடம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்று சொன்னவர்கள் 32.3 சதவீதம், 2020இல் அது 48.3 சதவீதம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைப் பார்த்து நீங்கள் திகைக்க வேண்டாம்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: இளவயதுக்காரர்களுக்கும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டு ஆங்கிலமும் தெரியும். உங்களிடம் ஒரு மாதிரி பேசிக்கொண்டிருந்தவர், போன் வந்ததும் நண்பரிடம் "கேன் லா, கேன் லா" என்று மாறிவிடுவார். வயதான கடைக்காரருக்கு அந்த மாற்றிப் பேசுகிற வசதி இருக்காது, அவருக்கு ஹொக்கியனும் மலாயும்தான் சரளம். அவரிடம் நீளமான ஆங்கில வாக்கியம் பேசிப் பயனில்லை, படத்தைக் காட்டி எத்தனை வேண்டும் என்று சொன்னால் போதும்.

அரசாங்கம் 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்று ஒரு இயக்கமே தொடங்கியது. இன்னொரு பக்கம், 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஷியோக் (பிரமாதம்), வாய்ட் டெக் (அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம்), ஹாக்கர் சென்டர் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம்) மாதிரியான சிங்கப்பூர்ச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கே இதில் இரண்டு மனசு உண்டு. மேடையில் தவிர்ப்பார்கள், சாப்பாட்டு மேசையில் அதைப் பேசாமல் இருக்க மாட்டார்கள்.

காதைப் பழக்குவது

முதல் சிக்கல் சொற்களின் கடைசியில் வரும். இரண்டு மூன்று மெய்யெழுத்து சேர்ந்து முடிகிற சொல்லில் கடைசி ஒன்றை விழுங்கிவிடுவார்கள். டெஸ்ட் என்பது "டெஸ்" என்று கேட்கும், ஃப்ரெண்ட் என்பது "ஃப்ரென்". த்ரீ என்பது பெரும்பாலும் "ட்ரீ"தான். குறில் நெடில் வித்தியாசமும் குறைவு: கப்பலைச் சொல்கிற ஷிப்பும் ஆட்டைச் சொல்கிற ஷீப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும். எதைச் சொல்கிறார் என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. இங்கிலாந்துக்காரர் சில அசைகளை அழுத்தி மற்றதை விழுங்கிப் பேசுவார். சிங்கப்பூர் ஆங்கிலம் அப்படி இல்லை, ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் கொடுத்துப் பேசுகிற தாளம். நம் ஆங்கிலமும் அதே தாளம்தான். அதனால் இரண்டு மூன்று வாரத்தில் காது வசப்பட்டுவிடும், பயப்படாதீர்கள்.

பழகுவதற்கு நான் சொல்கிற வழி: சிஎன்ஏ செய்திச் சேனலை இலவசமாகவே பார்க்கலாம், அதில் செய்தி வாசிப்பவரை விட்டுவிடுங்கள், அவர் எல்லாருக்கும் புரிகிற மாதிரிதான் பேசுவார். தெருவில் மைக்கை நீட்டிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிற துண்டுகள் வரும், அந்த இரண்டு நிமிஷத்தை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை எழுத்து ஓடுவதைப் பார்க்காமல், அப்புறம் பார்த்துக்கொண்டு, கடைசியில் மறுபடி பார்க்காமல். மதியச் சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் போனால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளாமல் உட்காருங்கள், பக்கத்து மேசையில் நடக்கிற பேச்சைவிட நல்ல பாடம் எங்கேயும் கிடைக்காது.

லா, லோர், மே: இதுதான் முக்கியமான இடம்

வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிற அந்தச் சின்ன ஒலிகளை வெறும் பழக்கதோஷம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பேசுகிறவரின் மனநிலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. "கேன்" என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்ப்போம், இங்கே அது ஆகும், முடியும், சரி என்று எல்லாவற்றுக்கும் பொதுவான பதில்.

"கேன் ஆ?" என்றால் ஆகுமா. நம் தமிழில் வினாவுக்குச் சேர்க்கிற அதே ஆகாரம் மாதிரியேதான் வேலை செய்கிறது.

"கேன் லா" என்றால் அதெல்லாம் ஆகும், கவலையை விடுங்கள்.

"கேன் லோர்" என்றால் சரி ஆகட்டும், வேறு என்ன செய்வது. இதைச் சொல்கிறவர் மனசில்லாமல் ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். மேலதிகாரி ஒரு வேலையைக் கேட்டு சக ஊழியர் "கேன் லோர்" என்று பதில் சொன்னால், அவருக்கு அதில் விருப்பம் இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

"கேன் மே?" என்றால் ஆகுமா என்ன, எனக்கு நம்பிக்கை இல்லை.

"கேன் லே" என்றால் ஆகுதே, நீங்கள் ஆகாது என்றீர்களே. "கேன் ஹோர்?" என்றால் ஆகும்தானே, ஒத்துக்கொள்கிறீர்கள்தானே. "கேன் வாட்" என்றால் ஆகும்தானே, இதில் என்ன பிரச்சினை என்று மறுத்துப் பேசுவது. அந்த வாட் கேள்வி இல்லை, அதற்குப் பதில் சொல்லப் போகாதீர்கள்.

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். வருவான், வருவானா, வருவானே, வருவான்தானே, வருவானாம், வருவான்ல என்று ஒரே வினையின் வாலை மாற்றி மாற்றி நாம் பேசுவதில்லையா? வெள்ளைக்காரர் ஒருவருக்கு லோருக்கும் லேவுக்கும் வித்தியாசம் புரிய வருஷக்கணக்காகும். உங்களுக்கு ஆகாது, ஏனென்றால் இந்த மாதிரி வாலைக் கேட்டு ஆளைப் படிக்கிற பழக்கம் பிறந்ததிலிருந்தே உங்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றிப் புரிந்துகொள்ள முயலாமல், இதைத் தமிழில் எப்படிச் சொல்வார்கள் என்று யோசியுங்கள், நேராகப் பிடிபடும்.

வாக்கியங்களும் அப்படித்தான். "யூ ஈட் ஆல்ரெடி?" என்றால் சாப்பிட்டாச்சா. விசாரிப்புத்தான், நம் ஊரில் கேட்கிற மாதிரியே. ஆல்ரெடி என்பது இங்கே ஆச்சு என்று முடிந்ததைக் காட்டுகிற அடையாளம். "காட் ரைஸ்?" என்றால் சோறு இருக்கா. "டோன்ட் வான்ட்" என்றால் வேண்டாம், எழுவாய் கிடையாது, முரட்டுத்தனமும் கிடையாது. "வேர் காட் டைம்?" என்றால் எங்கே நேரம் இருக்கு. "ஹீ லைக் தட் ஒன்" என்றால் அவன் அப்படித்தான். "லைக் தட் ஆல்சோ கேன்" என்றால் அப்படியும் செய்யலாம், அந்த ஆல்சோ நம் உம்.

ஏமாற்றுகிற சில சொற்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். "லாஸ்ட் டைம் ஐ ஸ்டே ஜூரோங்" என்று ஒருவர் சொன்னால் போன தடவை வந்தபோது ஜூரோங்கில் தங்கினேன் என்று அர்த்தம் இல்லை, முன்பு என் வீடு ஜூரோங்கில் இருந்தது என்கிறார். "ஐ நெவர் ஈட் லஞ்ச்" என்றால் மதியச் சாப்பாடே சாப்பிடாதவர் அல்ல, இன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஐ சென்ட் யூ" என்றால் கொண்டுபோய் விடுகிறேன். "பிளர்" என்று உங்களைச் சொன்னால் விவரம் புரியாமல் நிற்கிறீர்கள் என்று பொருள். "கேனா" என்பது மலாய்ச் சொல், கெட்டது ஏதாவது வந்து மாட்டிக்கொண்டதைச் சொல்வது. "கேனா ஸ்கோல்டிங்" என்றால் திட்டு வாங்கியாச்சு.

காப்பிக் கடையில் ஒரு பரீட்சை

கடைக்குப் போய் "ஒன் காஃபி" என்று மட்டும் சொன்னால் கட்டிப்பால், அதாவது இனிப்பான கண்டென்ஸ்ட் மில்க் போட்டதுதான் வரும். இங்கே அதன் பெயர் கோப்பி. பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டது கோப்பி ஓ. இனிப்பில்லாத எவாப்பரேட்டட் பாலும் சர்க்கரையும் போட்டது கோப்பி சி. சர்க்கரை வேண்டாம் என்றால் கடைசியில் கொசோங் சேர்க்க வேண்டும், மலாயில் அது காலி என்று பொருள்படும். இனிப்புக் கம்மியாக என்றால் சியூ தாய், ஸ்ட்ராங்காக என்றால் காவ், ஐஸ் போட்டது பெங். டீக்கு இதே வாலை தே என்பதோடு ஒட்டிக்கொள்ளலாம்: தே ஓ, தே சி கொசோங், தே பெங்.

நம் நாக்குக்குக் கிட்டத்தில் வருவது கோப்பி சி சியூ தாய் என்பது என் கருத்து. ஆனாலும் கும்பகோணம் டிகிரி காப்பியை எதிர்பார்க்காதீர்கள், இங்கே கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் வெண்ணெய் மாதிரியான கொழுப்பும் சேர்ப்பார்கள், மணமே வேறு.

பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அங்கிள், ஒன் கோப்பி சி, சியூ தாய்."

"ஹேவிங் ஹியர், டேக் அவே?"

"ஹேவிங் ஹியர்."

"ஹாட் ஆ?"

"ஹாட்."

முழு வாக்கியம் ஒன்றுகூட இல்லை, ஆனால் மரியாதைக் குறைவும் இல்லை. அந்த மரியாதை முழுக்க "அங்கிள்" என்ற முதல் சொல்லில் இருக்கிறது. வயதில் மூத்த கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், துப்புரவு செய்கிற அம்மா எல்லாருக்கும் இங்கே அங்கிள், ஆன்ட்டிதான். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கியூ பின்னால் நிற்கும்போது "எக்ஸ்கியூஸ் மீ, குட் ஐ பிளீஸ் ஹேவ்" என்று இழுத்தால்தான் எல்லாருக்கும் எரிச்சல். பரோட்டாவை இங்கே பிராட்டா என்பார்கள், அந்தக் கடையில் சீனர்கள்கூட நம் ஆளை "அண்ணே" என்று கூப்பிடுவதைக் கேட்பீர்கள். வீட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன மளிகைக் கடைக்கு மாமா ஷாப் என்று பெயர் வந்ததும் தமிழ் மாமாவால்தான்.

மேசையில் யாரும் இல்லாமல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது. இப்படி இடம் பிடிப்பதற்குச் "சோப்" என்பார்கள், குளிக்கிற சோப்பு இல்லை. தள்ளி வைத்துவிட்டு உட்காராதீர்கள்.

நம் ஆங்கிலத்தில் எதை மாற்ற வேண்டும்

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு உங்கள் ஆங்கிலம் மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் அது முழுக்கச் சரி. இங்கே சில சொல்லுக்கு வேறு அர்த்தம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று சொல்லுங்கள். "ஐ பாஸ்டு அவுட் இன் 2019" என்றால் மயக்கம் போட்டு விழுந்தீர்கள் என்று பொருள், கிராஜுவேட்டட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். லட்சமும் கோடியும் இங்கே யாருக்கும் தெரியாது, ஹண்ட்ரட் தௌசண்ட், மில்லியன்தான். ஹோட்டல் என்றால் தங்குகிற இடம் மட்டும். பார்சல் என்றால் தபாலில் வருவது, சாப்பாட்டுக்கு டேக் அவே அல்லது தாபாவ். ஜெராக்ஸ் போட்டோகாப்பி ஆகிவிடும், ரீசார்ஜ் டாப் அப் ஆகிவிடும், பெட்ரோல் பங்க் பெட்ரோல் கியாஸ்க் ஆகிவிடும். அவுட் ஆஃப் ஸ்டேஷன், ப்ரீபோன், டூ த நீட்ஃபுல் மூன்றையும் விட்டுவிடுங்கள். பிரிஞ்சாலும் லேடீஸ் ஃபிங்கரும் இங்கேயும் அதே பெயர்தான், காய்கறிக் கடையில் தைரியமாகக் கேட்கலாம்.

உச்சரிப்பில் இரண்டு இடம். எ, ஒ என்று தொடங்குகிற சொற்களுக்கு முன்னால் நம்மை அறியாமல் ய், வ் வந்துவிடுகிறது: யெம், யென், யெய்ட், வொன்லி. பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது இதுதான் குழப்பும். அடுத்து, தமிழில் ஒரே ப எழுத்து இரண்டு ஒலிக்கும் வருவதால் பையைச் சொல்கிற பேக்கும் கட்டுவதைச் சொல்கிற பேக்கும் நம் வாயில் கலந்துபோகும். இந்த இரண்டையும்விடப் பெரிய விஷயம் வேகம். நாம் ரொம்ப வேகமாகப் பேசுகிறோம். வேகத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம் தலையாட்டல். பக்கவாட்டில் ஆட்டுகிற நம் "சரி" இங்கே பலருக்கு "இல்லை" என்றோ "தெரியாது" என்றோதான் தோன்றும். வாயைத் திறந்து "யெஸ்", "ஓகே", "கேன்" என்று சொல்லுங்கள்.

வேலையிடமும் மருத்துவரும்: இங்கே தயக்கம் கூடவே கூடாது

கட்டுமான இடத்தில் காலையில் வேலை தொடங்கும் முன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். சூப்பர்வைசர் அன்றைய வேலையையும் ஆபத்தையும் சொல்லி முடித்துவிட்டு "அண்டர்ஸ்டேன்ட் ஆர் நாட்?" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள், நீங்களும் சேர்ந்து ஆட்டிவிடாதீர்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்: "பாஸ், டுடே லெவல் ஃபைவ், ஹார்னஸ் மஸ்ட் ஹுக், லிஃப்டிங் டைம் கேனாட் ஸ்டேன்ட் பிலோ." அதாவது இன்றைக்கு ஐந்தாம் மாடி, பாதுகாப்பு வாரை மாட்டியே ஆக வேண்டும், பாரம் தூக்கும்போது கீழே நிற்கக் கூடாது. இலக்கணத்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். புரியவே இல்லையென்றால் "சாரி பாஸ், சே அகெய்ன்" என்று கேளுங்கள், தமிழ் தெரிந்த ஒருவரைச் சொல்லச் சொல்லியும் கேட்கலாம். இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று, ஆபத்துப் பலகைகளில் அபாயம் என்று தமிழிலும் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. உயிர் உங்களுடையது, உங்களை நம்பி ஊரில் இருப்பவர்களுடையதும்.

கிளினிக்கில் கேள்விகள் சடசடவென்று வரும்: "காட் ஃபீவர்? காட் காஃப்? எனி டிரக் அலர்ஜி?" இந்தக் கடைசிக் கேள்வி எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா என்பது. டிரக் என்ற சொல்லைக் கேட்டுப் பதறி "நோ நோ" என்று சொல்லிவிடக் கூடாது, ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதன் பெயரை எழுதிப் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தலைச்சுற்றலுக்கு "கிடி" என்றால் உடனே புரியும். எம்சி என்பது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வெளியே வரும் முன் கேட்டு வாங்க வேண்டும்.

எப்போது அவர்களைப் போலப் பேசலாம்

கேன், காட், ஆல்ரெடி இவற்றை இரண்டாவது மாதத்திலேயே தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். லா, லோர் இவற்றுக்குப் பொறுங்கள். இடம் மாறி விழுந்த லா கேட்கிறவருக்குக் கேலி செய்கிற மாதிரி இருக்கும், முக்கியமாக அப்போதுதான் அறிமுகமானவரிடம். உங்களையறியாமல் வாயில் வந்தால் அது சரியான இடத்தில்தான் வந்திருக்கும். கோபத்திலும் வியப்பிலும் சொல்கிற ஹொக்கியன் சொற்கள் பல உண்மையில் கெட்ட வார்த்தைகள், தங்குமிடத்தில் நண்பர்கள் சொல்கிறார்களே என்று மேலதிகாரி முன்னால் சொல்லிவிடாதீர்கள். ஐயோ இருக்கவே இருக்கிறது, அதை இங்கே எல்லா இனத்தவரும் சொல்கிறார்கள்.

மின்னஞ்சல், நேர்முகத் தேர்வு, அரசு அலுவலகம் இங்கெல்லாம் பள்ளியில் படித்த ஆங்கிலம்தான், பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலோடு. இதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. பல அலுவலகங்களில் மேலாளரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், எல்லாரும் அப்படிக் கூப்பிட்டால் நீங்களும் கூப்பிடலாம், சார் போடாதது குற்றமாகாது.

சிங்கப்பூர்க்காரர் மட்டும்தான் எதிரில் இருப்பார் என்றும் எண்ண வேண்டாம். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சக ஊழியர் கழிப்பறையை "சிஆர்" என்பார், போனில் "ஃபார் எ வைல்" என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் அவர் ஊர் ஆங்கிலம். புரியாததை உடனே கேட்டுவிடுகிற பழக்கம் இருந்தால் எல்லாரோடும் ஒத்துப்போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் இருக்கிற தேக்காவுக்குப் போங்கள், தமிழில் மனசாரப் பேசுங்கள், அது வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு வேளையாவது தமிழ்க் கடை அல்லாத கடையில் சாப்பிடுங்கள். ஒரு சின்ன நோட்டில் கேட்ட வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் நாம் அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று எழுதுங்கள்.

போன் பேச்சுத்தான் கடைசிவரை கஷ்டம், முகமும் வாயசைவும் தெரியாது. முகவரி, நேரம், தொகை, அப்பாயின்ட்மென்ட் தேதி எதுவாக இருந்தாலும் "கேன் யூ வாட்ஸ்அப் மீ?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே அதைக் கேட்பது ரொம்ப சாதாரணம், பெரும்பாலும் உடனே "கேன்" என்று பதில் வரும்.